பம்பாயில் இன்னொரு அக்காள்

பழவங்காடி, திருவனந்தபுரம்
12 நவம்பர் 1946

பி.ஏ. போதாதென்று பம்பாயில் சமூக சேவைக்கும் பட்டம் படிக்கும் தங்கச்சி லீலாபாய்க்கு, நாலாம் கிளாஸ் அக்காள் செல்லபாய் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உன் அத்தானுக்குத் தொப்பை கூடியிருக்கிறது.

உன் காகிதம் கிடைத்தது. முக்கால்வாசியும் அந்த மில்லுக்காரி சகுபாய்தான். அவள் இருமல், அவள் புருஷனின் குடி, அவள் சுடும் ரொட்டி. வாராவாரம் படிப்புக்காக அவள் வீட்டுக்குப் போய், இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்றுகூடக் கேட்பாயாமே. உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளிடம் நீ அதைக் கேட்டதில்லை. போதாததற்கு, அவள் எனக்கு அக்காள் மாதிரி என்று வேறு எழுதியிருக்கிறாய். அசல் இங்கே இருக்கும்போது மாதிரி எதற்கு மக்கா? கிறிஸ்துமஸ் சமயம் அவளுக்குப் பேறுகாலம், அதனால் ஊருக்கு வருவது சந்தேகமாம். நடக்கட்டும்.

இது என்ன பெரிய வித்தை, நானும் செய்கிறேன் என்று நம் சபைக்கார அம்மிணி வீட்டுக்குப் போனேன். நீ எழுதியபடியே, வீட்டில் எத்தனை பேர், வரும்படி எப்படி, யாருக்காவது தீராத நோய் உண்டா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அச்சுமுறுக்கும் காப்பியும் வந்தது. பின்னாலேயே மகன் சத்தியநேசன் சலவைச் சட்டையில் வந்து நின்றான். உனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறேனாம். சம்மந்தம் பேசவல்லாமல் யாராவது இதெல்லாம் கேட்பார்களா அக்கா என்கிறாள். பையன் கொள்ளாம், காதுதான் கொஞ்சம் பெரிசு. நான் முறுக்கைத் தின்றேன்.

அம்மிணி லேசுப்பட்டவளா. பெண் வீட்டையும் விசாரிக்க வேண்டாமா என்று அதே கேள்விகளை என்னிடம் திருப்பினாள். உங்கள் வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்றபோது, இல்லை என்று சிரித்துவிட்டேன். உன் அத்தானிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். படித்தவர்கள் முறையாகக் கேட்டால் வேறு பதில் சொல்லலாம்.

சகுபாய்க்குச் சுகப்பிரசவம் ஆக ஜெபிக்கிறேன், நிஜமாகத்தான். பிள்ளை கிறிஸ்துமஸுக்கு முந்தியே பிறக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். பிறந்ததும் ரயில் ஏறு. அடுக்களையில் என் எதிரே உட்கார்ந்து, அவளிடம் கேட்பதையெல்லாம் என்னிடமும் கேள். நோயைப் பற்றியதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன் அசல் அக்காள்,
செல்லபாய்