இவர் காலில் பூச்சிக்கடி

திங்கள் 9
விடியும்போதே தூறல். ரப்பர் மரமெல்லாம் ஈரம். கா. 8.30க்குத்தான் பால் வெட்டப் போனோம். இவருக்குக் கணுக்காலுக்கு மேலே ஏதோ கடித்துவிட்டது. என்ன பூச்சி என்று பார்க்கவில்லையாம். சொறிந்து புண்ணாக்கிக்கொண்டார். கோப்பையிலிருந்து இரண்டு சொட்டு ரப்பர் பால் எடுத்து நானே பூசிவிட்டேன். காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் அதுதான் பிளாஸ்டர்.

கடையில் வாங்க: சோப்பு, கருவாடு, மகள் சின்னவளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

புதன் 11
கால் வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றேன்.

"பூச்சி கடிச்சதுக்கெல்லாம் போனா சிரிக்க மாட்டாங்களா?"

இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரர் பேசுகிற பேச்சா இது? பக்கத்து வீட்டு ராணி அக்கா வந்து பார்த்தாள். "அது மேலயே இன்னொருக்கா பூசி விடு" என்றாள். பூசினேன்.

வியாழன் 12
வெயில். கால் தொட்டால் சுடுகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே டவுன் ஆஸ்பத்திரி. டொக்டர் நோனா, சிங்கள அம்மா, ரப்பர் பால் தோலை உரித்தார். அடியில் சீழ். பூசிவிட்ட என் புத்தியைச் சொல்ல வேண்டும். இப்படி மூடி வைத்தால் உள்ளே நடப்பது எப்படித் தெரியும் என்று சிங்களத்தில் ஏச்சு. சீனி உள்ளவர் வீக்கம் கண்டவுடனே வந்திருக்க வேண்டுமாம். காய்ச்சல் இல்லாததால் மாத்திரை தந்தார். கால் சிவந்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டார். சொன்னது மறக்காமல்:

சிவப்பு கோட்டைத் தாண்டினால்
காய்ச்சல், நடுக்கம்
சீழ் கூடினால்
அன்றைக்கே வர வேண்டும். எந்தக் கடியானாலும் மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது.

வெள்ளி 13
இவர் வெட்ட வேண்டிய மரமும் என் தலையில். முதுகு விட்டுப்போயிற்று. வந்த களைப்பில் வாசலில் நின்றே இவர் காலைப் பார்த்தேன். சிவப்பு கோட்டுக்குள்தான். அப்பாடா.

சனி 14
மதியம் வேலை விட்டு வந்தேன். கோட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் கோடு முழங்காலுக்குக் கிட்ட. அதுவும் கறுப்பு. நோனா போட்டது நீலம். உற்றுப் பார்த்தால் நீலம் ஒரு சாண் கீழே, தேய்த்துக் கழுவின மாதிரி மங்கலாக.

"ஏங்க, இது யாரு போட்டது?"

போர்வையை இழுத்துக் காலை மூடினார். பக்கத்தில் சின்னவளுடைய கறுப்புப் பேனா. கத்தினேன், லயத்தில் வரிசை வீடெல்லாம் எட்டிப் பார்த்தது. நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. த்ரீவீல் பிடித்து ஓடினேன். வார்ட்டில் போட்டுவிட்டார்கள். ஊசி, சேலைன்.

ஞாயிறு 15
மழை. சின்னவளை ராணி அக்காவிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். புண்ணை வெட்டித் துப்புரவு செய்திருக்கிறார்கள். கால் தப்புமா என்று நாளைக்குத்தான் சொல்வார்களாம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கிழம நீ வர்றதுக்குள்ளயே கோட்டத் தாண்டிருச்சு சரசு. நீ எவ்வளவு அலுத்து வருவன்னு தெரியும். மறுபடி ஆஸ்பத்திரி, பஸ்ஸுன்னு உன்னை அலைய வைக்க மனசு வரல. நீ ஒரு நாள் தூங்கட்டும்னுதான் கோட்ட அழிச்சு மேல போட்டேன்."

திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் தூங்கினேன்.