நானும் பார்த்தேன்

நவம்பர் 3, திங்கள்
அஞ்சல்வழி எம்.ஏ. அரசியலில் கிரேக்கத் தத்துவப் பாடம் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. நல்ல மனிதரும் நல்ல குடிமகனும் ஒருவர்தானா என்று கேட்கிறார்கள். ஒருவர்தானே, இதில் என்ன சந்தேகம்?

கம்பெனி கேன்டீனில் பாண்டிச்செல்வியின் சாம்பாரில் புழு. சங்கரன்கோயில் பக்கத்துக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் என் அறைத்தோழி. நான் போவதற்குள் தட்டைக் கொட்டிவிட்டாள்.

நவம்பர் 4
கூட வேலை செய்யும் வேல்விழி நிர்வாகத்துக்கு மனு எழுதினாள். 'நாங்கள் அனைவரும் கண்ணால் பார்த்தோம்.' எங்கள் அசெம்பிளி லைனில் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு கையெழுத்து.

"ஒர்த்தின்னா தூக்கிடுவாங்க. முப்பது பேர இன்னா பண்ணுவாங்க? போடு மாரி."

பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படி எழுதுவது? மற்றவர்களும்தான் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கை கூசவில்லையா?

நவம்பர் 5
கம்பெனி பஸ்ஸில் வேல்விழி பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டாள். அது தினமும் நான் உட்காரும் சீட்டு. ஒரகடம் ஃபேக்டரி வரை நின்றுகொண்டே போனேன்.

சாக்ரடீஸ், ஊர்ச் சட்டத்தை மீறமாட்டேன் என்று விஷத்தைக் குடித்தாராம். சரி — குடித்தது அவர்தானே?

நவம்பர் 6
எச்.ஆர். கோதண்டராமன் சார் கூப்பிட்டார். "நீ நல்ல பொண்ணும்மா, பொய் சொல்லமாட்ட. நெஜமா பாத்தது யாரு?"

"பாண்டிச்செல்வி மட்டுந்தான் சார்."

உண்மைதானே? பின்னே ஏன் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறேன்?

நவம்பர் 7
பாண்டிச்செல்வியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கான்ட்ராக்ட்தானே, காரணம்கூடச் சொல்லவில்லை. பையில் துணியைத் திணித்துக்கொண்டே, "நீ பாக்கல, கையெழுத்துப் போடல. அதுல என்ன தப்பு? விடுளா" என்றாள்.

பேரைச் சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் பை ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தேன். சீ. என்ன பொழப்பு இது. நல்ல பொண்ணாம், நல்ல பொண்ணு.

நவம்பர் 9
படிக்கவில்லை.

நவம்பர் 10
ஷிஃப்ட் தொடங்கும் முன் மீட்டிங். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு சார் எல்லார் முன்னாலும், "மாரிசெல்வியப் பாத்துக் கத்துக்கங்க" என்றார்.

"நானும் பாத்தேன் சார்."

யார் பேசியது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. பச்சைப் பொய். சத்தமாகவே சொன்னேன். சார் மனுவை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இது சரியா? தெரியவில்லை. தப்பா? அதுவும் தெரியவில்லை.

நவம்பர் 11
வேல்விழி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

ஒரகடம் வருவதற்குள் பாண்டிச்செல்விக்குப் போன் போட்டு, பேரைச் சொன்னது நான்தான் என்றேன். போனை வைத்துவிட்டாள்.