மெயின் வால்வைச் சுவருக்குள் வைத்த அப்பாவுக்கு

அப்பா,

வீட்டில் நனைந்த சுவர்த்தூளின் மணம் இன்னும் போகவில்லை. பேஸ்மென்ட்டில் நீங்கள் பலகை அடித்துச் சுவர் எழுப்பிய கோடை விடுமுறை முழுவதும் உங்கள் சட்டையில் இருந்த மணம் இதுதான். அதனால் உங்கள் நினைவு வந்தது என்று அழகாகத் தொடங்கலாம். உண்மையில் எனக்கு உங்களோடு கோபம்.

காரணத்தைச் சொல்கிறேன். அம்மாவின் வலது மணிக்கட்டில் ஒப்பரேஷன் செய்தார்கள். பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோ உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் வைக்கலாம் என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. "அவர் வாங்கின வீட்டிலதான் அவருக்குப் படைக்கிறது" என்றார். ஆகவே புது டிஷ்வொஷர் வாங்கினோம்.

பழையது வீட்டோடு வந்தது. அதை நாம் ஒருநாளும் ஓட்டவில்லை. "பாவிச்சாத்தானே பழுதாகும்" என்பீர்கள். இடியப்பத் தட்டுகளும் வெறும் ஐஸ்கிரீம் வாளிகளும் அப்பளப் பெட்டியும் அதற்குள்தான் குடியிருந்தன. என் பள்ளித் தோழி ஒருத்தி தண்ணீர் குடித்த கிளாஸை வைக்க அதைத் திறந்து, அப்பளத்தைப் பார்த்து முழித்தாள். "இது எங்கட அலுமாரி, பிள்ளை" என்று நீங்கள் விளக்கம் வேறு சொன்னீர்கள். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, புதியதைப் பொருத்தக் கடையிலிருந்து வந்த இருவரும் குசினி சிங்கின் கீழே இருந்த தண்ணீர் வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். வருடக்கணக்காகத் திருப்பாததால் அது இறுகிப்போயிருந்தது. போதாததற்கு, சிங்க் அலுமாரிக்கு அடித்த வெள்ளைப் பெயின்றை நீங்கள் அதற்கும் சேர்த்து அடித்திருந்தீர்கள். தண்ணீரை நிறுத்தாமல் தொடமாட்டோம், பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, புது இயந்திரத்தை வீட்டு ஹோலின் நடுவில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் பிளம்பரையா கூப்பிடுவோம்? பிக்கரிங்கிலிருந்து மாமாவைக் கூப்பிட்டோம்.

"உது சின்ன வேலை, அக்கா" என்று மாமா குறடோடு குனிந்தார். வால்வு திரும்பவில்லை, உடைந்து கையோடு வந்தது. தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது.

"மெயினைப் பூட்டுங்கோ! மெயின் எங்க?"

"எனக்கென்னடா தெரியும்? அந்த மனுசனைக் கேள்!" என்று அம்மா கத்தினார். கத்திய பிறகுதான் யாரைச் சொன்னார் என்று அவருக்கே உறைத்தது.

எனக்குத் தெரியும், அப்பா. நீங்கள் அந்தச் சுவரை அடித்தபோது நான் படிக்கட்டில் புத்தகத்தோடு இருந்தேன். "மெயின் வால்வை உள்ளுக்க விட்டுச் சுவர் அடிச்சா, பிறகு எப்பிடித் திறக்கிறது?" என்று கேட்டேன். வாயில் கவ்விய திருகாணிகளுக்கு நடுவே, "அதை ஏன் திறக்கப் போறம்?" என்றீர்கள்.

பேஸ்மென்ட்டுக்கு ஓடிப்போய் இடத்தைக் காட்டினேன். மாமா சுத்தியலால் சுவரை உடைத்தார். உள்ளே வெறும் பலகை. "இன்னும் இடப்பக்கம், மாமா." அங்கே இருந்தது. அதைத் திருப்பித் தண்ணீரை நிறுத்திவிட்டு, நனைந்த தலையைத் துடைத்தபடி மாமா சொன்னார்: "உன்ர கொப்பர் சுவர் அடிக்கேல்லை, பிள்ளை. புதையல் தாட்டு வச்சிருக்கிறார்."

பின்னால் வந்த அம்மா, கட்டுப்போட்ட கையோடு அந்த ஓட்டையின் முன்னால் நின்றார். "ஆரும் சொன்னாக் கேப்பீங்களா? ஒரு வேலை, ஒரேயொரு வேலை ஒழுங்காச் செய்திருப்பீங்களா?" இந்த ஒரு வருடமாக உங்கள் படத்தைத் துடைத்து, மெல்லிய குரலில் மட்டும் உங்களைப் பற்றிப் பேசியவர், மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை.

பின்னேரம் பிளம்பர் வந்து புது வால்வு போட்டு, டிஷ்வொஷரையும் பொருத்தினார். ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று அவர் கேட்டபோது மாமா செருமினார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குசினியிலேயே சமைத்து உங்களுக்குப் படைத்தோம். வந்தவர்கள் "தங்கமான மனுசன்" என்றார்கள். "வாங்கோ, தங்கம் செய்து வச்ச வேலையைக் காட்டுறன்" என்று அம்மா அவர்களைக் கீழே கூட்டிப்போனார்.

எல்லோரும் போன பிறகு நானும் அந்த ஓட்டைக்கு முன்னால் நின்று கேட்டேன்: ஒரு சின்னக் கதவாவது வைத்திருக்கலாமே? "இப்ப இடத்தைக் கண்டுபிடிச்சிட்டியள்தானே?" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அதற்கு நான் சொன்ன பதில் நீளமானது. நல்லதையே பேசிப் பேசி உங்கள் குரல் எனக்கு மங்கிக்கொண்டு வந்தது, அப்பா. சனிக்கிழமையிலிருந்து தெளிவாகக் கேட்கிறது. நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். நம் சண்டை இன்னும் முடியவில்லை.