பருப்புப்பொடி டப்பாவும் பனிக்கடலும்

பிப்ரவரி 1, ஞாயிறு. பேராவூரணி

காலையில் நல்ல பனி. தென்னை ஓலையெல்லாம் சொட்டுச் சொட்டாக. எட்டு மணிப் பூசை.

கோயில் வாசலில் பக்கத்து வீட்டு லூர்து அண்ணன், எங்கள் ஜெசிந்தா நிற்பதைக் கவனிக்காமல், "இப்ப நெஞ்சு எப்படிங்க இருக்கு?" என்று இவரைக் கேட்டுவிட்டார். ஜெ. உடனே திரும்பினாள். "என்ன நெஞ்சு?" "சளிம்மா," என்றார் இவர். நான் ஒரு இருமல் மருந்துப் பெயரைச் சொல்லிவைத்தேன். முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தது இதற்குத்தான் உதவுகிறது.

ஊருக்கே தெரியும், பெற்ற பெண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் தஞ்சாவூரில் இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அவள் கனடாவில் புது வேலையில் சேர்ந்து பத்து நாள். தனியாக இருக்கிற பிள்ளை, பயந்துவிடும், வேலை நிலைக்கட்டும் என்றோம். நிலைத்தது. கிறிஸ்மஸ் போகட்டும் என்றோம். அதற்குள் அவள் அண்டார்டிகா கப்பலில் மூன்று பேருக்கும் இடம் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

கப்பல்காரர்களின் மருத்துவப் படிவத்தை நிரப்பியது நான். இருதயக் கோளாறு உண்டா? இல்லை. சமீபத்தில் சிகிச்சை? இல்லை. "இல்லன்னே போடு மேரி. ஒரு மரம்கூட இல்லாத ஊரை ஒருதரம் பார்த்துட்டு வந்துடறேன்," என்றார். புயலில் நூற்றெண்பது தென்னை சாய்ந்ததிலிருந்து இதே பேச்சு. விழுவதற்கு ஒன்றுமே இல்லாத ஊராம்.

போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி ஃபைல் லூர்து அண்ணன் வீட்டில் பத்திரம்.

பெட்டியில்: உள் கம்பளி 6. அவருடைய குரங்குக் குல்லா (ஜெ. வேண்டாம் என்கிறாள், அவர் விடமாட்டார்). வேளாங்கண்ணி எண்ணெய். ஜெபமாலை. நார்த்தங்காய் ஊறுகாய். பருப்புப்பொடி.

ஜெ. ஒவ்வொரு பையையும் பிரித்து எடை பார்த்து மறுபடி அடுக்குகிறாள். இவருடைய ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எங்கே வைப்பது? ஒரு மாதத்துக்கு உள்ளதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பருப்புப்பொடி டப்பாவுக்குள் புதைத்து, மேலே பொடியைத் தட்டி மூடினேன். வழிக்கு வேண்டியது மட்டும் கைப்பையில். மாத்திரை நின்றால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதம்தான் ஆகிறது. இதை எத்தனை நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி. சிலி

இரண்டு நாள் விமானத்திலேயே போயிற்று. வெயில். கால் வீக்கம் எனக்கு. அவருக்கு ஒன்றுமில்லை.

ஏர்போர்ட்டில், உணவுப்பொருள் இருக்கிறதா என்று ஒரு படிவம். இல்லை என்று போடச் சொன்னேன். "பொய் எழுதக் கூடாதும்மா, இங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்," என்று ஜெ. உண்டு என்று போட்டாள். ஒரு பெண் அதிகாரி டப்பாக்களை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஊறுகாய் போயிற்று. பருப்புப்பொடி டப்பா நீலத் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள். ஜெ. என் தோளை ஒட்டி நின்றாள். சொல்லவில்லை.

"பொடிதானேம்மா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

கைப்பையில் நாலு மாத்திரை. கப்பல் பத்து நாள்.

பிப்ரவரி 7, சனி. தென்கோடித் துறைமுகம்

ஆளைத் தள்ளுகிற காற்று. ஜெ. தூங்கும்போது மருந்துக்கடைக்குப் போனேன். மாத்திரைப் பெயரைத் தாளில் எழுதி நீட்டினேன். கடைப் பெண் டாக்டர் சீட்டு கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. நான் நர்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஜெ. குரல், "இங்கயா இருக்கே? ஊரெல்லாம் தேடுறேன்." தாளைக் கசக்கிவிட்டு ஒரு தலைவலித் தைலம் வாங்கி வந்தேன்.

அவரிடம் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். "பத்து நாள்தானே. ஓட்டிடலாம்." மோட்டார் ரிப்பேரானபோது சொன்ன அதே குரல். எனக்கு அறைந்துவிடலாம் போலிருந்தது.

மீதி: 3.

பிப்ரவரி 8, ஞாயிறு

கப்பலேறினோம். நூற்றுச்சொச்சம் பேர், பாதிக்கு மேல் எங்கள் வயசு. ஜாக்கெட், பூட்ஸ், பை எல்லாவற்றையும் வாக்குவம் போட்டு உறிஞ்சுகிறார்கள். ஒரு விதைகூட அந்த மண்ணில் விழக் கூடாதாம். இவருடைய பேன்ட் மடிப்பில் வைக்கோல். கப்பல் பணியாளப் பையன் ஒருவன் அதை இடுக்கியால் எடுத்ததை இவர் பெருமையாக எல்லோரிடமும் காட்டுகிறார்.

டாக்டர் அறை மூன்றாம் தளம். வெள்ளைக் கதவு. இரண்டு தடவை அதைக் கடந்து போனேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்றிலிருந்து கடல் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தட்டுகள் சரிகின்றன. ஜெ. வாந்தி, படுக்கை. எனக்கும். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் இட்லி இல்லையே என்று குறைபட்டுக்கொண்டு முட்டை தின்கிறார்.

அறிவிப்பில் சொன்னார்கள்: இனி அவசரமென்றால் ஆஸ்பத்திரி சேர நாட்கணக்கில் ஆகலாம், எச்சரிக்கையாக இருங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கைப்பையைத் திறந்து பார்த்தேன்.

கடைசி மாத்திரை கொடுத்தாயிற்று. மாதாவே.

பிப்ரவரி 11, புதன்

அலை அடங்கிவிட்டது. முதல் பனிமலை. நீலம். எல்லோரும் மேல்தளத்தில். நான் அவர் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையைப் பிடித்தபடி நின்றேன். நாடி எண்பத்தெட்டு. பத்து நிமிஷம் கழித்துத் தொண்ணூறு. ஜெ. போட்டோ எடுத்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் கை கோத்து நான் பார்த்ததே இல்ல. ஃபிரேம் போடப் போறேன்," என்று கண் கலங்கினாள். அவர் சிரித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை இல்லாத முதல் நாள்.

பிப்ரவரி 12, வியாழன்

முதல் தடவை கரை இறங்குகிற நாள். காலை ஏழரை. வெளியே ஜீரோவுக்குக் கீழே. பூட்ஸ் மாட்டுகிற அறையில் கூட்டம், புழுக்கம். அவர் ஐந்து சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டு, ரப்பர் படகுக்கான வரிசையில் எங்களுக்கு முன்னால். நெற்றியில் வேர்வை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். ஒருதரம்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பை வார் அழுத்துது."

பையை அப்போதுதான் கீழே வைத்திருந்தார்.

இதயப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன். அந்த வேர்வையை நான் பார்த்திருக்கிறேன். சூட்டில் வந்ததாகவும் இருக்கலாம். என்னால் சொல்ல முடியவில்லை. வரிசையில் இன்னும் ஆறு பேர்.

ஜெ. நிற்கும்போதே, எல்லோர் முன்னாலும், பணியாளரிடம் சொன்னேன்: இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, இரண்டு நாளாக மாத்திரை இல்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஜெ. தமிழில் கேட்டாள், "யாருக்கு?"

ஈ.சி.ஜி. பரவாயில்லை. டாக்டரிடம் அதே மாத்திரை இருந்தது. கொடுத்தார். படிவத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். ஒரு நர்ஸா இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

இனி இவர் கப்பலைவிட்டு இறங்கக் கூடாது.

பிப்ரவரி 13, வெள்ளி

பனித்தூறல். காற்றில் பென்குயின் எச்ச நாற்றம், கண்ணாடிக்கு உள்ளேயும். அவர் ஜன்னலோரம் பைனாகுலருடன். "அறுத்த வயல்ல மேயற வாத்து மாதிரியே இருக்கு மேரி, ஓட்டறதுக்குத்தான் ஆளக் காணோம்." பி.பி. 130/80. மரமில்லாத ஊரைப் பார்த்தாயிற்றாம். இறங்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அழுகை.

ஜெ. நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று நான்தான் கட்டாயப்படுத்திப் படகுக்கு அனுப்பினேன். பூட்ஸ் மாட்டும்போது தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தனியா இருக்கிற பிள்ள. பயந்துடுவேன்னுதான்."

"அப்ப எனக்கு ஒண்ணுன்னா நானும் சொல்லக் கூடாது, இல்லையா? நீங்க ரெண்டு பேரும் வயசானவங்க. பயந்துடுவீங்க."

கோபத்தில் சொல்வாள் என்று பார்த்தால், கோபமே இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தேன். இத்தனை நாளும் அவரையே பார்த்திருக்கிறேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. ஜாக்கெட் தொளதொள. கப்பல் வாந்தி ஒரு நாளில் இவ்வளவு இளைக்கவைக்காது. அங்கே சமைத்துக்கொள்கிறாளா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், இந்த வேலையில் இன்னும் இருக்கிறாளா, எதுவும் எனக்குத் தெரியாது. அவள் சொன்னதுதான் தெரியும்.

"ஜெசி, உனக்கு உடம்புக்கு ஒண்ணும்..."

"ஒண்ணும் இல்லம்மா."

கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அந்த வேகம் எனக்குத் தெரியும். அவள் படகேறிப் போய்விட்டாள். படகு திரும்ப இன்னும் ஒன்றரை மணி நேரம்.