செப்புத் தகட்டில் சன்னல் வெயில்

14 அக்டோபர் 1956, போடி

இன்றும் என்னை அறைக்குள் உட்கார வைத்துவிட்டார். உலையில் அரிசி கிடக்கிறது என்றால் கேட்கிற ஆளா? “வெயில் நகந்துரும் வல்லி, அசையாத.” என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். வீட்டில் அவருக்கு மாணவி, எடுபிடி எல்லாம் நான்தான். மெழுகு பூசிப் புகை காட்டிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறிக்கொண்டே இருந்தார். கிழக்குச் சன்னல் வழியாக வரும் வெயில் தரையில் விழுந்து பானையின் தோளில் ஏறுகிறது. அதற்கு அப்பால் இருட்டு. இருட்டின் ஓரத்தில் நான்.

மூக்கு பெரிதாக இருக்கிறது என்றேன். “ஒம் மூக்கு அப்படித்தான்.”

சோறு குழைந்துவிட்டது.

21 அக்டோபர்

கீறி முடித்துவிட்டார். இனித் திராவகத்தில் போட வேண்டும். கீறிய கோடுகளை மட்டும் அது அரிக்கும். அரித்த பள்ளத்தில் மை தங்கும். ஆழமாக அரித்தால் கறுப்பு. வெளிச்சம் வேண்டிய இடத்தை லேசாக அரித்ததுமே வெளியே எடுத்து வார்னிஷால் மூடிவிட வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும், “நான் வந்தபெறகு போடுவோம். நீ தொடாத, கைய பொசுக்கிரும்” என்கிறார்.

நாளை மலைக்குப் போகிறார். ஏலத்தோட்டக்காரர் ஒருவர் தம் தகப்பனாரை வரையக் கூப்பிட்டிருக்கிறார்.

24 அக்டோபர்

விடாத மழை.

26 அக்டோபர்

போடிமெட்டு வளைவில் ஜீப்பு உருண்டுவிட்டது. அவரும் அதில்

11 நவம்பர்

ஏன் போனீங்க? மழைன்னு தெரியாதா? அந்தக் கெழவர் படம் ஓடியா போயிரும்?

பள்ளத்திலிருந்து எடுத்து வந்தபோது முகத்தை என்னிடம் காட்டவில்லை.

அவர் என்னை உட்கார வைத்து வரைந்த அதே அறையின் மூலையில் இப்போது என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மாமியார் வேலுத்தாய் சன்னலைச் சாத்திவிட்டார். “தாலியறுத்தவ மொகத்துல தெருவுல போறவன் முழிக்கணுமா?” பெற்ற வயிறு எரிகிறது, அதுதான் பேசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு நாள் சொல்லிக்கொள்வது?

20 நவம்பர்

மூத்தார் கோட்டைச்சாமி தன் தாயிடம் பேசினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

“வீட்டக் காலி பண்ணிட்டு இவள நம்ம ஊரு சிலமலைக்குக் கூட்டிப் போயிருவோம். மாட்டுச் சோலிக்கு ஆளில்லாமக் கெடக்கு.”

பிறகு தகட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். “நல்ல கனமான செம்பு. உருக்கினா ஒரு தண்ணிச் சொம்பாவது ஆகும்.”

அவர் போனதும் அதை என் சேலைகளுக்கு நடுவில் ஒளித்தேன்.

23 நவம்பர்

அத்தையும் மூத்தாரும் சிலமலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் தாழிட்டுத் திராவகத்தை ஊற்றினேன். தகட்டைப் போட்டு, கோட்டில் குமிழ் கட்டும்போதெல்லாம் இறகால் தள்ளினேன். வெயில் விழுகிற இடத்தை வார்னிஷால் மூடினேன். அதுவரை சரி. இருட்டுக்காக மறுபடியும் உள்ளே போட்டபோதுதான் தவறு. கூடுதலாக ஊற்றிய திராவகத்துக்குத் தண்ணீர் போதவில்லை. பழுப்புப் புகை கிளம்பியது. இருமி இருமிக் கண் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த மூலையில் மெழுகு உரிந்து மிதந்தது. வெறும் கையால் எடுத்தேன். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகப் பொசுங்கிவிட்டது.

தொடாதன்னு சொன்னீங்களே. நீங்க இல்லையே. நான் என்ன செய்ய?

24 நவம்பர்

கரும்புச்சாறு பிழியும் உருளைகளை வைத்து அவர் செய்த அச்சு எந்திரத்தில், மை தேய்த்துத் துடைத்த தகட்டின்மேல் நனைத்த தாளைப் போட்டுத் திருப்பினேன். ஒருவர் திருப்பக்கூடியதல்ல. தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

சன்னல் இருக்கிறது. வெயில், பானை எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூலையில் மட்டும் கோடுகள் ஒன்றாகக் கலந்து ஒரே அழுக்குக் கறுப்பு. நான் இல்லை.

தாளைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். அத்தை வந்தது தெரியவில்லை. வைவார் என்று நினைத்தேன். தாளை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“எம் மகன் போட்டதா?”

“அவுக போட்டது. நான் கெடுத்துட்டேன் அத்தை.”

“ஒன்னையத்தான உக்கார வச்சுப் போட்டான்? நீ எங்க?”

அந்தக் கறுப்பைக் காட்டினேன். “இதுக்குள்ள.”

வெகுநேரம் அதையே பார்த்தார். என் பொசுங்கிய விரல்களைப் பிடித்துத் திருப்பினார். அடுப்படிக்குப் போய் எண்ணெய் கொண்டுவந்தார்.

2 டிசம்பர்

இன்று சண்டை. நான் எட்டாவது படித்தவள், வாத்தியார் பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார். மூத்தார் கத்தினார்.

“ஊரு என்ன சொல்லும் ஆத்தா?”

“ஊரா? ஊரு எம் மகனத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சா? உசுரோட ஒருத்திய இருட்டுல போட்டு மூட என்னால ஆகாது.”

மூத்தார் கோபத்தில் தகட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை எழுந்தார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். தகடு, படிப்பு இரண்டையும் கேட்டால் இரண்டும் கிடைக்காது.

தாள் ஒன்றுதான் மிச்சம். அத்தை அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார், எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

10 ஜூன் 1957, மதுரை

பயிற்சிப் பள்ளி விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை கேள்வி மேல் கேள்வி கேட்டார். தையல் தெரியுமா? தெரியாது. பாட்டு? தெரியாது. வேறு என்னதான் தெரியும்?

“செப்புத் தகட்டுல படம் போடத் தெரியும்.”

நிமிர்ந்து பார்த்தார். “யார் கத்துக்கொடுத்தா?”

என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒருநாளும் என் வாயால் சொல்லாத அவர் பெயர்.

“வெள்ளைத்துரை,” என்றேன்.