துளசி ஈயின் இறக்கையைப் பிடித்தாள்

ஈப்போ,
பிப்ரவரி 6

அன்பு மகள் அபிராமிக்கு,

துளசிக்கு ஆழப் பார்வை வந்துவிட்டது. இன்று காலை சோதித்துப் பார்த்த டாக்டர் முஹ்ஸினாவே என்னிடம் சொன்னார். நாங்களும் உன் மகளும் நலம், டப்ளின் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா தொலைபேசியில் முந்திக்கொண்டு எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லியிருப்பாள், அதில் பாதிதான் உறுதியான செய்தி, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

டிசம்பரில் அறுவை முடிந்ததும் வெளிப்பக்கம் ஓடிய கண் நேராகிவிட்டது, ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து எது கிட்டே, எது எட்ட என்று அளக்குமா என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. விடுப்பு முடிந்து அவளை இங்கே விட்டுப் போன நாளிலிருந்து நீ அதைக் கேட்டுத்தான் அழுகிறாய். இன்று ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, பெரிய ஈ ஒன்றின் படத்தை வைத்து இறக்கையைப் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் அந்தக் கண்ணாடி வழியே ஈ தாளை விட்டு மேலே எழும்பித் தெரியுமாம். அறுவைக்கு முன் இதே படத்தில் தாளைத்தான் சுரண்டினாள். இன்று விரல்கள் தாளுக்கு மேலே வெறும் காற்றைக் கிள்ளின. "ஐயா, இது மேல வருது லா, ச்சீ" என்று என் மடியில் ஏறிக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

தைப்பூசத்துக்கு சுங்காயிலிருந்து வந்த சிட்டாள் சித்தி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். மாறுகண் அதிர்ஷ்டம், கத்தி வைக்காதீங்க என்று இரண்டு வருடம் நம்மைத் தடுத்தவள் அவள்தானே. வீட்டுக்கு வந்ததும் துளசி அவளை அஞ்சாங்கல் ஆட இழுத்தாள். முன்பெல்லாம் மேலே போட்ட கல் இவள் கைக்கு அப்பால்தான் விழும். இன்று விடாமல் ஏந்திவிட்டு, "சின்னாயா, உங்க கை ஸ்லோ" என்றாள். தோற்ற சித்தி, "அதிர்ஷ்டம் கண்ணுலேர்ந்து கைக்கு எறங்கிருச்சு, நான் சொன்னது தப்பில்ல லா" என்கிறாள். விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. வேலை முடிந்து மருத்துவமனையிலிருந்து பனியில் நடந்து போகாதே, பேருந்தில் போ.

தூரத்துப் பொருளிலும் இந்த அளவு பிடிபடுகிறதா, கண் மறுபடி ஓடாமல் நிற்கிறதா என்பது இன்னும் தெரியாது. மார்ச் பள்ளி விடுமுறையில் பார்ப்பார்கள். துளசிக்கு அதுவரை பொறுமை இல்லை. "அம்மா வந்து தூரத்துலேர்ந்து கல்ல போடட்டும், நான் புடிக்கிறேன்" என்கிறாள்.

நல்லபடியாக வந்து சேர எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. மார்ச் டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே.

உன் அப்பச்சி,
சொக்கநாதன்