முதுகில் போன கோப்பு

மார்ச் 3, செவ்வாய்

இருபத்தாறு வருட நாற்காலி வாழ்க்கைக்குப் பிறகு இன்று அலுவலகத்தின் நான்கு மாடியையும் படியில் ஏறினேன். மூன்றாவது மாடியில் நின்று அறிவிப்புப் பலகையை ரொம்ப ஆர்வமாகப் படித்தேன். போன வருடம் தண்ணீர்த் தொட்டி கழுவிய அறிவிப்பு. மூச்சு திரும்பும்வரை அதையே மூன்று முறை படித்தேன்.

மாதக் கடைசியில் லீவு போட்டு ஏழு நாள், நூற்றுப் பத்து கிலோமீட்டர், மலைப்பாதையில் நடக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் வீம்புக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவன் என்று எனக்கு 'பசை' எனப் பட்டப்பெயர் வைத்தவர்களிடம்.

மார்ச் 13, வெள்ளி

பாரம் சுமந்து பழகவேண்டுமாம். நான் வேலை பார்க்கும் பணியிட மாறுதல் பிரிவில் பாரத்துக்கா பஞ்சம்? கழித்துக்கட்ட வேண்டிய பழைய கோப்புகளை மேசையிலிருந்து அப்படியே அள்ளி முதுகுப்பையில் திணித்து, வீடுவரை நடந்தே வந்தேன்.

"ஆபீஸ்ல பாக்காத ஃபைலை வீட்ல பாக்கப்போறீங்களா?" என்றாள் மனைவி. பார்க்க இல்லை, சுமக்க மட்டும்தான் என்றேன்.

"அங்கயும் அதைத்தானே செய்றீங்க."

மார்ச் 19, வியாழன்

கொப்புளம் மூன்று. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

மாறுதல் கேட்டிருந்த நர்ஸ் வந்தார். கணவரும் ஐந்து வயது மகனும் வேறு ஊரில், இவர் இங்கே. கோப்பைத் தேடினேன், காணோம். அசல் சான்றிதழ் எல்லாம் அதில்தான். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். விட்டால் அடுத்த வருடம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

மறுபடி நர்ஸ். கொப்புளம் உடைந்த எரிச்சலில் இருந்தேன். "குடுத்தேன்னு சொல்றீங்க, அதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கிளம்பிப் போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 27, வெள்ளி

பழைய கோப்புக் கட்டை அலுவலகத்திலேயே இறக்கிவிட்டு, துணிமணி, பிஸ்கட், ஆறு ஜோடி சாக்ஸ் அடுக்கியாயிற்று. நல்ல பை. முதுகுப் பக்கம் அட்டை வைத்ததுபோல் கெட்டியாக நிற்கிறது.

மார்ச் 28, சனி

பதினான்கு கிலோமீட்டர். பத்து மணி நேரம். என்னைத் தாண்டிப் போனவர்கள் இருபத்திரண்டு பேர். ஆமை எதுவும் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் இருபத்துமூன்று.

ஆனால் சாயங்காலம் தங்கும் குடிசை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபோது சந்தோஷமாக இருந்தது. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

இருபத்தோராவது கிலோமீட்டர் கல். மத்தியானம். மழை.

மழைக்கோட்டைத் தேடிப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். முதுகோடு ஒட்டியிருக்கும் தட்டையான அறையில் கையை விட்டால் — கோப்பு. நர்ஸின் கோப்பு. அன்றைக்கு அள்ளினேனே, அதில் வந்திருக்கிறது. கெட்டியான பை என்று மெச்சினேனே!

இப்ப என்னடா பண்றது? போனைக் கொண்டுவரல. முன்னால போனா ரோட்டுக்கு ரெண்டு நாள். பின்னால இருபத்தொண்ணு. அந்தம்மாகிட்ட அத்தாட்சி கேட்டேனே, பாவி.

திரும்பிவிட்டேன். இருட்டுமுன் குடிசைக்கு வந்து சேர்ந்தேன். கோப்பை மழைக்கோட்டில் சுற்றியிருக்கிறேன். நான் தொப்பல்.

மார்ச் 30, திங்கள்

விடிந்ததும் கிளம்பினேன். முதல் நாள் பத்து மணி நேரம் எடுத்த அதே பாதை இன்று மூன்று மணி நாற்பது நிமிடம். பிறகு பஸ், இன்னொரு பஸ்.

பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. 'பீரோவுக்குப் பின்னால விழுந்து கிடந்தது' என்று சொன்னால் போதும். லீவில் இருந்தும் வந்து தேடிக் கொடுத்த மகராசன் என்று பெயர்கூட வரும். ஊர் வரும்வரை அந்த வசனத்தை மனப்பாடம் செய்தேன்.

நாலு இருபத்தைந்துக்கு, சேறும் சகதியுமாக நான்காவது மாடி ஏறினேன். அறிவிப்புப் பலகை பக்கம் திரும்பவில்லை. நர்ஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனப்பாடம் செய்தது வாயில் வரவில்லை.

"உங்க ஃபைல் என் பைலதான் இருந்துச்சும்மா. ரெண்டு வாரத்துக்கு மேல. தப்பு என் மேலதான்."

அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டார், பட்டியலில் சேர்த்தார், என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். நர்ஸ் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எனக்கு வர இஷ்டமில்ல, அதான் மனுவே குடுக்கலன்னு வீட்டுக்காரர் எங்கிட்ட பேசுறதே இல்ல சார். கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சு, குடுத்தேனா இல்லையான்னு."

சொல்லிவிட்டு கணவருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். பாரம் பழகியது, அள்ளியது, அத்தாட்சி கேட்டது, எதையும் விடவில்லை. பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

விளக்கக் கடிதம் கொடுத்தாயிற்று. பட்டப்பெயர் மாறிவிட்டது. இப்போது நான் 'கூரியர்'.

மே 8, வெள்ளி

நர்ஸ் புது இடத்தில் வேலையில் சேர்ந்துவிட்டதாகத் தாள் வந்தது. கோப்பில் வைத்து, என் கையாலேயே பீரோவில் பூட்டினேன். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

மே 10, ஞாயிறு

நேற்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கிளம்புமுன் மனைவி பையின் எல்லா அறைகளிலும் கைவிட்டுத் துழாவிவிட்டுத்தான் அனுப்பினாள். பாரம் பழகியதும் இந்தத் தடவை செங்கல்லை வைத்துத்தான்.

இன்று பதினொரு மணிக்கு இருபத்தோராவது கல். நின்றேன். முதுகுப் பக்கத்து அறையைத் திறந்து பார்த்தேன். காலி.

இதற்கு மேல் உள்ள பாதையை நான் பார்த்ததில்லை.